சின்னதைச் சொல்லிப் பார்ப்பார்கள்

(நெல்லை மாவட்ட அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில், பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் தகப்பன்மார்களே, மாணவ மாணவியரே,

பிள்ளைகள் மனக்கஷ்டத்தை உள்ளேயே வைத்துப் புழுங்காமல் நம்பிக்கையானவர்களிடம் சொல்ல வேண்டும், அதற்குத் தைரியம் கொடுத்துப் பேசுங்கள் என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். பேசுகிறேன். ஆனால் என் பேச்சில் முக்கால்வாசி பெரியவர்களுக்குத்தான். "எதுவா இருந்தாலும் எங்ககிட்டச் சொல்லு" என்று பிள்ளையிடம் ஒருதரமாவது சொல்லாத பெற்றோர் இந்தக் கூடத்தில் இருக்க மாட்டீர்கள். பிள்ளையும் அப்போதைக்குத் தலையாட்டியிருக்கும். அப்புறம் ஏன் வாயைத் திறப்பதில்லை?

பள்ளிக்கூடத்தில் பார்த்துப் பார்த்து எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பிள்ளைகள் எடுத்த எடுப்பில் பெரிய விஷயத்தைச் சொல்வதில்லை. முதலில் சின்னதாக ஒன்றைச் சொல்லிப் பார்ப்பார்கள். கணக்கில் மார்க் குறைந்துபோச்சு என்பார்கள். சைக்கிள் சாவியைத் தொலைத்துவிட்டேன் என்பார்கள். "என் ஃபிரெண்டு ஒருத்திக்கு ஒரு பிரச்சினைம்மா" என்று ஆரம்பிப்பார்கள். நம் முகம் எப்படிப் போகிறது, குரல் எவ்வளவு ஏறுகிறது, கேட்டதை அடுத்த நிமிஷமே போனில் யாருக்காவது சொல்லிவிடுகிறோமா என்று கவனிப்பார்கள். சாவி தொலைந்ததற்கே வீடு இரண்டுபட்டால், அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும் பெரிய விஷயம் அப்படியே திரும்பிப் போய்விடும். போனது போனதுதான். அது வந்து நின்றது நமக்குத் தெரியக்கூடத் தெரியாது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். பதினோராம் வகுப்பு. நடுத்தரமாகப் படிப்பான், வகுப்பில் இருக்கும் இடம் தெரியாது. ஒருநாள் இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றுகொண்டு, "டீச்சர், டி.சி. வாங்கணும்னா எத்தன நாள் ஆகும்?" என்றான். பக்கத்தில் இருந்த ஒரு சார், "என்னல, யாரை அடிச்ச?" என்று விளையாட்டாகத்தான் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். பையனும் சிரித்துவிட்டு, "சும்மா கேட்டேன் சார்" என்று போய்விட்டான். டி.சி. கேட்பவன் ஒன்று இந்தப் பள்ளியை விட்டு ஓட நினைக்கிறான், இல்லையென்றால் படிப்பையே விட நினைக்கிறான். அது சும்மா கேட்கிற கேள்வியே அல்ல.

எங்கள் ஆய்வகத்தில் ஓர் உதவியாளர் இருந்தார். அதிகம் படித்தவர் இல்லை. பிராக்டிகல் முடிந்ததும் மற்றப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள்; இந்தப் பையன் மட்டும் தொட்டி ஓரத்தில் நின்றுகொண்டே இருப்பானாம். அவர் என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இந்தப் பிப்பெட்டையும் அலசிக் குடுய்யா" என்று வேலையைக் கொடுத்திருக்கிறார். அடுத்த வாரமும் நின்றான். பியூரெட்டுகளைக் கொடுத்தார். இப்படியே சில வாரங்கள் ஓடின. ஒருநாள் குழாயைப் பார்த்தபடியே, இவர் முகத்தைப் பார்க்காமல் பையன் சொல்லியிருக்கிறான்: "அண்ணே, எங்கப்பா போன்ல இருந்த காசு போயிட்டு."

ஆன்லைன் விளையாட்டு. அப்பா சீட்டுக்குக் கட்ட வைத்திருந்த பணம். முதலில் ஐம்பது, நூறு என்று கொஞ்சம் ஜெயித்திருக்கிறான். அப்புறம் விட்டதைப் பிடிக்கிறேன் என்று போய் மொத்தத்தையும் விட்டுவிட்டான். தமிழ்நாட்டில் 2022இலேயே ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தாயிற்று. சட்டம் வந்ததால் பையனின் பயம் போய்விடுமா? அப்பாவுக்குத் தெரிவதற்குள் எங்காவது போய்விட வேண்டும் என்பதுதான் அவன் நினைப்பு. 'எங்காவது' என்பது எங்கே என்று அவனுக்கே தெளிவாக இல்லை. அந்தத் தெளிவின்மைதான் பயங்கரம்.

உதவியாளர் என்ன பதில் சொன்னார் தெரியுமா? "இத்தன நாளா தனியாவா வச்சிக்கிட்டு இருந்த?" அவ்வளவுதான். ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை, எவ்வளவு என்றுகூட முதலில் கேட்கவில்லை. பையன் அழுது ஓய்ந்த பிறகு, "அப்பாகிட்ட நீ சொல்லுதியா, நான் கூட வரணுமா?" என்று கேட்டிருக்கிறார். அப்புறம் என்னிடம் வந்தார். என்னிடம் சொல்லப்போவதைப் பையனிடம் சொல்லிவிட்டே வந்தார், அதையும் கவனியுங்கள். மூன்று பேருமாக அவன் வீட்டுக்குப் போனோம். அப்பா கத்தினார். கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். பிறகு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். நல்ல மனுஷன். பணம் திரும்பி வரவில்லை. சீட்டுக்காரரிடம் தவணை கேட்டுச் சமாளித்தார்கள். பையன் டி.சி. பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

ஆசிரியர்கள் நாங்கள் அத்தனை பேர் இருந்தும் அவன் பேசியது ஆய்வக உதவியாளரிடம். அதற்கு அவர் குணம் ஒரு காரணம். அவரிடம் மார்க் போடும் அதிகாரம் இல்லை என்பது இன்னொன்று. மூன்றாவதை நான் பின்னால்தான் யோசித்தேன்: கைக்கு வேலை இருந்தது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. நாற்காலியைப் போட்டு, எதிரே உட்கார வைத்து, "சொல்லு, உனக்கு என்ன பிரச்சினை?" என்றால் எந்தப் பிள்ளையும் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லும். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, வெங்காயம் உரிக்கும்போது, மாடியில் வடாம் காயப்போடும்போது, கரண்ட் போன ராத்திரியில் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும்போது பேச்சு தானாக வரும். வந்தால் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிடாதீர்கள். உரித்துக்கொண்டே கேளுங்கள்.

சாதாரண ஆளிடம்தான் மனசு திறக்கும் என்பதை இங்கிலாந்தில் ஒரு பாதிரியாரும் வேறொரு வழியில் கண்டுபிடித்தார். சாட் வாரா என்று பெயர். 1935இல் லிங்கன் என்ற ஊரில் இளம் துணைப் பாதிரியாராக இருந்தபோது, 14 வயதுப் பெண் ஒருத்தியின் அடக்கச் சடங்கை நடத்த வேண்டி வந்தது. அந்தப் பிள்ளைக்கு மாதவிலக்கு வந்திருக்கிறது. அது என்னவென்று யாரும் சொல்லித் தரவில்லை. தனக்கு ஏதோ அசிங்கமான பால்வினை நோய் வந்துவிட்டது என்று நினைத்து, யாரிடமும் கேட்க வழியில்லாமல் உயிரை விட்டுவிட்டது. ஒரே ஒரு ஆளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம்.

நம் ஊரில் பிள்ளை ஆளானால் பந்தல் போடுகிறோம், குழாய் ரேடியோ கட்டுகிறோம், தாய்மாமன் சீர் வருகிறது, ஃபிளெக்ஸ் பேனரில் படம் போட்டுத் தெருமுனையில் வைக்கிறோம். ஊருக்கெல்லாம் சொல்கிறோம். அந்தப் பிள்ளைக்கு உடம்பில் என்ன நடக்கிறது என்று எத்தனை வீட்டில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? சடங்கு வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அது உங்கள் வீட்டு விஷயம். லிங்கனில் மௌனமாக இருந்தார்கள், நாம் மேளதாளத்தோடு மௌனமாக இருக்கிறோம் என்று தோன்றுகிறது, அதைச் சொன்னேன்.

அந்தப் பாதிரியார் லிங்கன் பிள்ளையின் சாவை மறக்கவில்லை. 1953 நவம்பரில் லண்டனில் தன் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, சாக வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் கூப்பிடலாம், நேரிலும் வரலாம் என்று அறிவித்தார். கூட்டம் வந்தது. ஆலோசனை சொல்ல அவர் ஒருவர்தான். வந்தவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படிக் காத்திருப்பவர்களுக்கு டீ கொடுத்துப் பேச்சுத் துணையாக இருக்கச் சில தன்னார்வலர்கள் வந்தார்கள். கொஞ்ச நாளில் அவர் ஒன்றைக் கவனித்தார். வந்தவர்களில் பலர் டீ கொடுப்பவரிடமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலேயே ஆறுதலாகப் போய்க்கொண்டிருந்தார்கள். தன் ஆலோசனையைவிட அவர்களுடைய காது பெரிது என்று புரிந்ததும், 1954 தொடக்கத்திலேயே அந்த வேலையைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்துவிட்டார். அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பு. தன்னைவிட டீ கொடுப்பவர் நன்றாகச் செய்கிறார் என்று ஒப்புக்கொள்ள ஒரு பாதிரியாருக்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். ஆசிரியர்களாகிய எங்களுக்கும் அது வேண்டும். அதே முறையில் 1974இல் இலங்கையில் சுமித்ரயோ வந்தது. 1986இல் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சிநேகா அமைப்பைத் தொடங்கினார்.

இப்போது தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோபப்படக் கூடாது. "பெத்தவ என்கிட்டச் சொல்லாம, சித்திகிட்டப் போய்ச் சொல்லியிருக்கா பாருங்க டீச்சர்" என்று கண்கலங்கி வந்த அம்மாக்கள் பலர். வருத்தம் நியாயம்தான். ஆனால் பிள்ளை யாரிடமாவது சொல்லிவிட்டது, அதைப் பாருங்கள். பெற்றவர்களிடம் சொல்லத் தயங்குவதற்குப் பாசக் குறைவு காரணம் அல்ல. பெரும்பாலும் பாசம்தான் காரணம். "அம்மா ஏற்கெனவே கஷ்டப்படுது, இதையும் சொல்லி அழ வைக்கணுமா" என்று எத்தனை பிள்ளைகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்! அதனால் பிள்ளைக்கு ஒரு சித்தியோ, அத்தையோ, தாய்மாமனோ, டியூஷன் அக்காவோ, கபடி சொல்லிக்கொடுக்கும் அண்ணனோ இருக்கட்டும். நீங்களே கேட்டு வையுங்கள்: "என்கிட்டச் சொல்ல முடியாத ஒண்ணு வந்தா யார்கிட்டச் சொல்லுவ?" பதில் வந்தால், அந்த ஆளிடம் போய், "பிள்ளை வந்து பேசினா கேட்டுக்கோ, நான் தோண்டித் துருவ மாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்பத்தில் இதெல்லாம் தானாக நடந்தது என்று சிலர் பெருமூச்சு விடுவார்கள். நானும் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவள்தான். ஆச்சியிடம் காலையில் சொன்னால் மத்தியானத்துக்குள் குழாயடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வீட்டில் ஆள் நிறைய இருந்தால் மட்டும் போதாது, கேட்டதை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத் தெரிந்த ஆள் வேண்டும்.

இன்னொரு விஷயம். துன்பத்தில் இருக்கும் பிள்ளை சோகமாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். இந்த வயதில் துக்கம் பல நேரம் கோபமாகத்தான் வெளியே வரும். தட்டைத் தள்ளிவிடுவான், கதவை அறைந்து சாத்துவான். "திமிரு" என்று நாம் பெயர் வைத்துவிடுவோம். வேறு சில பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிறு வலிக்கும். ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் இருக்காது. தூக்கம் கெடும், அல்லது எந்நேரமும் தூக்கமாக இருக்கும். உயிருக்கு உயிரான கிரிக்கெட் மட்டையைத் தம்பிக்குக் கொடுத்துவிடுவான். "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதிதானே" என்பான். இந்தக் கடைசி இரண்டையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே கூடாது. 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதாவதொரு மனநலச் சிக்கலோடு இருக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 40 பேர் உள்ள வகுப்பில் ஐந்தாறு பேர். நம் நாட்டில் 2022இல் மட்டும் 13,000க்கும் அதிகமான மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு இருக்கிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. "நம்ம பிள்ளைக்கு அப்படியெல்லாம் வராது" என்று யாரும் எழுந்து போய்விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படிச் சந்தேகம் வந்தால் நேராகக் கேட்கலாமா? "செத்துப் போகணும்னு தோணுதாய்யா?" என்று கேட்டால் நாமே அந்த நினைப்பைக் கிளப்பிவிட்டது ஆகிவிடாதா? எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு. இதை நியூயார்க் மாகாணத்தில் ஆறு பள்ளிகளில் சோதித்துப் பார்த்தார்கள். 2005இல் முடிவு வெளியானது. 2,342 மாணவர்கள். ஒரு பாதிப் பேரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள், மறுபாதியிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களுக்கு அந்த எண்ணம் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்குக் கேட்ட பிறகு தவிப்பு குறைந்தே இருந்தது. ஆகவே தைரியமாகக் கேளுங்கள். "கிறுக்குத்தனமா ஏதாச்சும் நினைக்கலையே?" என்று கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் 'இல்லை' என்ற ஒரு பதிலைத் தவிர வேறு பதிலுக்கு இடமே கிடையாது. 'ஆமா' என்று வந்தால் பக்கத்தில் உட்காருங்கள், தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரை எல்லாவற்றையும் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். அன்றைக்கே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மறுநாளைக்குத் தள்ள வேண்டாம், நல்ல நாள் பார்க்க வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்கொலை முயற்சிக்கென்று இருந்த பழைய 309ஆம் பிரிவு கிடையாது. டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு கசப்பான செய்தி. ஐரோப்பாவில் பத்து நாடுகளில் 168 பள்ளிகளில் 11,000க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது; 2015இல் வெளிவந்தது. சில பள்ளிகளில் ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளை அடையாளம் காண ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சில பள்ளிகளில் பிள்ளைகளையே உட்கார வைத்து, நடித்துக் காட்டச் சொல்லி, மனக்கஷ்டம் என்றால் என்ன, யாரிடம் போகலாம், நண்பன் சொன்னால் என்ன செய்வது என்று நான்கு வாரத்தில் மொத்தம் ஐந்து மணி நேரம் பேச வைத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால், பிள்ளைகளோடு பேசிய பள்ளிகளில் தற்கொலை முயற்சிகள் மற்றப் பள்ளிகளில் இருந்ததில் ஏறக்குறைய பாதியாக இருந்தன. ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி தந்த பள்ளிகளில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பீகார் நாளந்தா மாவட்டத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்விலும் இதே கதை. அங்கே ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்கள் நடத்தினார்கள். சில பள்ளிகளில் அதற்கென்றே அமர்த்தப்பட்ட சாதாரண ஆட்கள் நடத்தினார்கள். மருத்துவர்கள் அல்ல, பட்டயம் வாங்கிய ஆலோசகர்களும் அல்ல. மனச்சோர்வும் ஒருவரை ஒருவர் சீண்டுவதும் குறைந்தது இவர்கள் நடத்திய இடங்களில்தான். ஆசிரியர் நடத்திய இடங்களில் பெரிய பலன் இல்லை. பாடம், தேர்வு, எமிஸ் பதிவு, சத்துணவுக் கணக்கு, தேர்தல் வேலை என்று கிடக்கும் ஆசிரியருக்கு இன்னொரு பொறுப்பைத் தூக்கி வைத்தால் எப்படிப் பலன் வரும்? ஆளைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. பள்ளிக்கு ஓர் ஆளைப் போடுங்கள் என்று பெற்றோர் ஆசிரியர் கழகம் கேட்க வேண்டும். இந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போடலாம்.

பீகார் திட்டத்தில் பிள்ளைகள் மனதில் உள்ளதை எழுதிப் போட ஒரு பெட்டி வைத்தார்கள். நம் பள்ளிகளிலும் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் நான் போன ஒரு பள்ளியில் அது தலைமையாசிரியர் அறை வாசலிலேயே தொங்கியது. எழுதிய சீட்டோடு அங்கே போய் நிற்கும் பிள்ளையை நூறு கண் பார்க்கும். தண்ணீர்த் தொட்டி பக்கம், மாடிப்படித் திருப்பம் என்று ஆள் பார்க்காத இடமாகப் பார்த்து மாட்டுங்கள்.

பேசச் சொல்வதோடு சேர்த்து, சுமையையும் இறக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் தோற்றவர்கள் ஒரு வருஷம் வீட்டில் முடங்காமல் உடனே துணைத்தேர்வு எழுதலாம் என்று வந்ததே, அது எத்தனையோ பிள்ளைகளுக்கு மூச்சு விட இடம் கொடுத்தது. 2017இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்ற ரேங்க் அறிவிப்பை நிறுத்தினார்கள். வீட்டில் நாம் நிறுத்தினோமா? ரிசல்ட் வந்த பத்தாவது நிமிஷம் மதுரை மாமா போன் செய்து "மார்க் எவ்வளவு?" என்கிறார். அந்தப் போனை அன்றைக்கு எடுக்காவிட்டால் உறவு ஒன்றும் அறுந்துவிடாது.

ரகசியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, அப்பத்தான் சொல்லுவேன்" என்று பிள்ளை கேட்கும். சத்தியம் செய்யாதீர்கள். யாராவது தொடக்கூடாத விதத்தில் தொட்டதாகப் பிள்ளை சொன்னால், 2012 போக்சோ சட்டப்படி அதைத் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் மறைத்தால் அது குற்றம். உயிருக்கு ஆபத்து என்றாலும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. "உனக்குத் தெரியாம யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். யார்கிட்டச் சொல்லணுமோ, உன்கிட்டச் சொல்லிட்டுச் சொல்லுவேன்" என்று மட்டும் சொல்லுங்கள். எங்கள் உதவியாளர் செய்தது அதைத்தான். நாளைக்கு உடையப்போகும் சத்தியத்தைவிட இது பிள்ளைக்குப் பெரிய பலம்.

மாணவர்களே, இனி உங்களுக்கு. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பசி நேரம்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியதில்லை. "எனக்கு ஒரு மாதிரி இருக்கு, என்னன்னு சொல்லத் தெரியல" என்பதே போதும். வாயால் வரவில்லையென்றால் சீட்டில் எழுதிக் கொடுங்கள், வாட்ஸாப்பில் அனுப்புங்கள். "இப்போ அறிவுரை வேண்டாம், கேட்டா மட்டும் போதும்" என்று முதலிலேயே சொல்லிவிடலாம். பெரியவர்களுக்கு அது ரொம்ப உதவியாக இருக்கும், எங்களுக்கு வாய் சும்மா இருக்காது. முதலில் சொன்ன ஆள் சரியாகக் கேட்கவில்லையா? சிரித்துவிட்டாரா? திட்டிவிட்டாரா? அது அந்த ஆளின் குறை. ஒரு கடையில் சாமான் இல்லையென்றால் வீட்டுக்கா திரும்புகிறீர்கள்? அடுத்த கடைக்குப் போகிறீர்கள் அல்லவா? அதுபோல அடுத்த ஆளிடம் போங்கள்.

உங்களில் பலர் முதலில் சொல்வது நண்பனிடம்தான். நண்பன் உங்களிடம் வந்து "சாகலாம்னு இருக்கு, யார்கிட்டயும் சொல்லாத" என்றால், அதை நீங்கள் ஒருவராகச் சுமக்கக் கூடாது. நம்பும் பெரியவர் ஒருவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அவன் உங்களோடு ஒரு மாசம் பேசாமல் இருப்பான். இருக்கட்டும். பேசாமல் இருக்க அவன் இருப்பான்.

யாராவது உங்கள் படத்தை வைத்து மிரட்டுகிறானா? காசு அனுப்பாதீர்கள், இன்னொரு படமும் அனுப்பாதீர்கள், சாட் பதிவை அழிக்காதீர்கள். அன்றைக்கே ஒரு பெரியவரிடம் காட்டுங்கள். அம்மா அப்பா திட்டுவார்கள் என்ற பயத்தில்தான் அவன் பிழைப்பே ஓடுகிறது. பெற்றோரே, இதைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? பிள்ளை போனைக் கொண்டுவந்து காட்டினால், போனைப் பிடுங்கி வைப்பது முதல் வேலையாக இருக்கக் கூடாது. பிடுங்கிவிட்டால் அடுத்த தடவை காட்டாது.

யாரும் இல்லை என்று தோன்றும் ராத்திரிகள் வரும். அப்போதைக்கு எண்கள் இருக்கின்றன. 1098, குழந்தைகளுக்கான உதவி எண். 14416, டெலிமானஸ், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் கூப்பிடலாம். 104, நம் மாநிலச் சுகாதாரத் துறையுடையது. 14417, பள்ளிக் கல்வித்துறையுடையது. நான்குமே இலவசம். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டியதில்லை. கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன், நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். "எனக்கு எதுக்கு" என்பவர்கள் பக்கத்தில் இருப்பவருக்காகக் குறித்துக்கொள்ளுங்கள்.

தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பெற்றோர்கள் கேள்வி கேட்கலாம், இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள்: "எங்க வீட்டுப் பையன் இருக்கானே டீச்சர்..." என்று பெயரைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். அவன் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான்.